மறு: தபால் பெரியப்பா வழக்கு, அடுத்த வாய்தா 18ஆம் தேதி

எல்லோருக்கும் வணக்கம்.

தபால்காரராக இருந்த நம் பெரியப்பாவைக் கார் மோதிக் கொன்ற வழக்கைப் பற்றி மூன்று நாளாக வந்த எல்லா மடலையும் நேற்று இரவு உட்கார்ந்து படித்தேன். வழக்குச் செலவுக்கு நான் கேட்ட பணத்துக்குத் தோகா அண்ணாச்சி கணக்குக் கேட்டிருக்கிறார், சிங்கப்பூர் மாமா ஊர் மானத்தைப் பற்றி எழுதியிருக்கிறார், மும்பை அத்தான் மணியார்டர் காலத்தை எழுதி என்னை அழ வைத்துவிட்டார். ஆனால் மதினி போன மாதம் கோர்ட்டுக்குப் போய் நேரில் பார்த்துவிட்டு வந்து எழுதினாளே, அதைப் பற்றி ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை.

அன்றைக்கு இரண்டு சாட்சி. ஒருவர் விலக்கில், அதாவது மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் இடத்தில், கடை வைத்திருப்பவர், இன்னொருவர் டிராக்டர்காரர். இரண்டு பேரும் போலீஸிடம் காரையும் பார்த்தோம், ஓட்டியவனையும் பார்த்தோம் என்று சொன்னவர்கள். கூண்டில் ஏறியதும் "இருட்டு, சத்தம்தான் கேட்டது, யார் என்று தெரியாது" என்று சொல்லிவிட்டார்கள். அரசு வக்கீல் அவர்களைப் பிறழ் சாட்சி என்று சொல்லிக் குறுக்கு விசாரணை செய்தார், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லையாம். மதினி வெளியே வந்து பார்த்தால் இரண்டு பேரும் வளைவு வீட்டு வண்டியில், வழக்கில் மாட்டியிருக்கிற பையனுடைய வீட்டு வண்டியில்தான், ஏறிப் போகிறார்கள். பெரியம்மா வேப்பமரத்தடியில் பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அந்தக் கடைக்காரருடைய அப்பா படுக்கையில் கிடந்தபோது பென்ஷன் பணத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தவர் யார் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் அவரைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

மாமா, நீங்கள் "இரண்டு பக்கமும் நம் ஆட்கள், பேசி முடித்துவிடலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, என் படிப்புக்கு நீங்கள் செய்ததை நான் மறக்கவில்லை. ஆனால் இது வரப்புத் தகராறு இல்லை. கவனக்குறைவால் உயிர் போன வழக்கில் ராஜியாகப் போகச் சட்டத்தில் இடமே கிடையாது, நடுவர் நீதிமன்றத்தில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொள்ளும் குற்றப் பட்டியலில் இது இல்லை. அப்படியிருக்கும்போது "பேசி முடிப்பது" என்றால் என்ன அர்த்தம்? சாட்சிகள் ஒவ்வொருவராகப் போய்ப் பொய் சொல்வது, அது ஒன்றுதான் வழி. அதைத்தான் மதினி கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

அப்புறம், "பையன் பத்து வருஷம் உள்ளே போய்விடுவான், பாவம்" என்று வாட்ஸாப்பில் சுற்றுகிறது. தயவுசெய்து அதைப் பரப்பாதீர்கள். மோதிவிட்டுச் சொல்லாமல் ஓடினால் பத்து வருஷம் என்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 106(2)ஆம் பிரிவு. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் ஸ்டிரைக் செய்தார்களே, அதற்குப் பிறகு அந்த ஒரு உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மற்றதைத்தான் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 106(1)இல் அதிகபட்சம் ஐந்து வருஷம். பெரியப்பா இறந்தது அதற்கும் முன்னால், 2024 மாட்டுப் பொங்கல் ராத்திரி. அதனால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ தான். அதில் அதிகபட்சமே இரண்டு வருஷம், அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதற்குத்தான் இவ்வளவு பேரைக் கலைக்கிறார்கள்.

சட்டம் ஓட்டுநரிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவு: அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க ஏற்பாடு செய், போலீஸ் அங்கே இல்லையென்றால் சீக்கிரமாக, எப்படியும் 24 மணி நேரத்துக்குள் பக்கத்து ஸ்டேஷனில் சொல். அவ்வளவுதான். "ஊர்க்காரர்கள் அடித்துவிடுவார்கள் என்று பயந்து போயிருப்பான்" என்று மாமா எழுதியதற்கும் அந்தப் பிரிவிலேயே பதில் இருக்கிறது. கூட்டத்தின் கோபத்தால் உதவ முடியாமல் போனால் அதைச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அன்றைக்கு அங்கே கூட்டம் எங்கே இருந்தது? அந்த ரோட்டில் அந்த நேரத்தில் இருந்தவர்கள் மூன்று நான்கு பேர். சரி, பயந்தான் என்றே வைத்துக்கொள்வோம். ஓடுகிற காரிலிருந்து 108க்கு ஒரு போன் போட முடியாதா? இருபது நிமிஷத்துக்கு மேல் பெரியப்பா ரோட்டோரத்தில் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் உயிர் போனது.

மூன்று நாள் கழித்து அந்த வீட்டு டிரைவர் ஸ்டேஷனுக்குப் போய் "நான்தான் ஓட்டினேன்" என்றான். வண்டியை யார் ஓட்டியது என்று கேட்டால் உரிமையாளர் சொல்லியாக வேண்டும், அது 133ஆம் பிரிவு. எங்கள் அண்ணன் விடாமல் மனுப் போட்டு, அந்த நோட்டீஸுக்கு வந்த பதிலும் டிரைவருடைய போன் அன்றைக்கு இருந்த இடமும் ஒத்துவராமல் போன பிறகுதான் குற்றப்பத்திரிகையில் பையன் முதல் எதிரி, அதாவது முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டவன், ஆனான். அவன் குடித்திருந்தான் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருந்தால் குற்றம் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் மூன்று நாள் கழித்து எந்த ரத்தத்தை எடுத்துப் பார்ப்பது? நின்றவன் மாட்டிக்கொள்வான், ஓடியவன் தப்பிப்பான் என்று ஆகிவிட்டது, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"இழப்பீடுதான் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு" என்று கேட்டவருக்கு. தீர்ப்பாயம் கொடுக்கச் சொன்ன பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்தது, அந்த வீட்டிலிருந்து ஒரு ரூபாய் வரவில்லை. பெரியப்பாவுக்கு வயது 63. அந்த வயதுக்குப் பெருக்கல் எண் 7, அதாவது ஆண்டு வருமானத்தில் அவருடைய சொந்தச் செலவைக் கழித்துவிட்டு ஏழால் பெருக்குவார்கள். பெரியம்மா அந்தத் தாளை என்னிடம் போனில் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஏழு வருஷம்தான் இருந்திருப்பாகளாம்மா?" என்று கேட்டார்கள். அந்தப் பணம் வேறு, இந்த வழக்கு வேறு. அரசாங்கம் தரும் 2 லட்சம் என்று ஒருவர் எழுதியிருந்தார், அது மோதிய வண்டி எது என்றே தெரியாமல் போனவர்களுக்கு. நமக்கு வண்டி தெரியும்.

இப்போது அண்ணாச்சியின் கணக்கு. நான் கேட்பது 60,000 ரூபாய். வழக்கை நடத்துவது அரசு வக்கீல்தான், ஆனால் பாதிக்கப்பட்டவர் தரப்பில் அவருக்கு உதவியாக ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளலாம், சாட்சி விசாரணை முடிந்ததும் நீதிமன்ற அனுமதியோடு அவர் எழுத்துமூலமாக வாதம் கொடுக்கலாம். அவருக்கு 45,000. நகல் எடுக்கும் செலவு, பெரியம்மா ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய்வரும் செலவு, அண்ணன் மும்பையிலிருந்து வர டிக்கெட், எல்லாம் சேர்த்து 15,000. ரசீது ஒவ்வொன்றையும் படமெடுத்து இங்கேயே போடுகிறேன். 2022 கோயில் கொடைக் கணக்கு வரவில்லை என்பது உண்மைதான், அதை நீங்கள் கேட்பதும் நியாயம்தான், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன். ஆனால் அந்தப் பணத்தை வைத்திருந்தது யார் என்பது உங்களுக்கும் தெரியும், அது எங்கள் வீடு இல்லை. கிணற்று விஷயத்தில் என் அப்பாவை எல்லோர் முன்னாலும் பேசினீர்களே, அதை நான் இதுவரை இங்கே எழுதியதில்லை. இந்த மடலிலும் எழுதப்போவதில்லை.

ஊருக்கு வளைவு கட்டிக் கொடுத்த வீடு என்கிறார்கள். கட்டிக் கொடுத்தார்கள், நன்றி. அந்த வளைவுக்கு நேரே நூறு அடி தள்ளித்தான் பெரியப்பா விழுந்து கிடந்தார். தபால் பை கடைசி பஸ்ஸில் வந்து இறங்கிய காலத்திலிருந்து அவருக்கு விலக்குக்கு நடந்து போகிற பழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. ராத்திரி யாராவது பெட்டியோடு வந்து இறங்கினால் அவர்தான் முதல் ஆளாக நிற்பார், நம்மில் எத்தனை பேருக்குப் பெட்டி தூக்கியிருப்பார். அந்த வீட்டு ஆச்சிக்குத் தந்தி வந்த அன்று அதைப் படிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்கள் வரும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் அவர். இப்போது முதல் எதிரியாக நிற்கிறவனுடைய தாத்தா இறந்த செய்தி அது.

கடைசியாக, தம்பி, ஷார்ஜாவில் இருக்கிற நீ. இந்தக் குழுவில் எல்லா மடலையும் படிக்கிறாய், ஒன்றுக்கும் பதில் போடவில்லை. அன்று ராத்திரி பைக்கில் பின்னால் வந்தது நீ. கார் கொஞ்சம் தள்ளி நின்றதையும், ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்து ஒருவன் இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏறியதையும் நீதான் போலீஸிடம் சொன்னாய். அவன் யார் என்றும் சொன்னாய். ஆனால் நீ போலீஸிடம் சொன்னது கோர்ட்டில் சாட்சியமாக நிற்காது. அதில் கையெழுத்துக்கூடக் கிடையாது. நீதிபதி முன்னால் நீ வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. லீவு கிடைக்காது, டிக்கெட் விலை, விசா புதுப்பிப்பு எல்லாம் எனக்கும் தெரியும், நானும் வெளியே இருப்பவள்தான். நீ ஊருக்கு வர வேண்டியதில்லை. சாட்சியைக் காணொலியில் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003லேயே சொல்லிவிட்டது. அரசுத் தரப்பில் மனுப் போட்டு நீதிபதி அனுமதித்தால், துபாயில் இருக்கிற இந்தியத் துணைத் தூதரகத்தில் அதிகாரி முன்னால் உட்கார்ந்து நீ சொல்லலாம். அந்த மனுவைப் போடவைக்கத்தான் முக்கியமாக இந்த வக்கீல்.

டெல்லியில் 1999இல் ஒரு கார் ஆறு பேரைக் கொன்றது. உயிர் பிழைத்த ஒருவரே லாரிதான் மோதியது என்று கோர்ட்டில் சொன்னார். சாட்சியை வளைக்கப் பார்த்த விவகாரத்தில் பெரிய வக்கீல்கள்மேல் நீதிமன்ற அவமதிப்பு வந்தது. அவ்வளவுக்கும் பிறகு 2012இல் உச்ச நீதிமன்றமும் ஓட்டியவன் குற்றவாளி என்றே தீர்ப்புச் சொன்னது. பணம் இருக்கிற வீடு, ஒன்றும் நடக்காது என்று உன்னிடம் யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்.

உன் வீட்டை ஏதாவது செய்துவிடுவார்களோ என்று பயம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல், அதற்கும் மனுப் போடலாம். பதிலைக் குழுவில் போட வேண்டாம், என் நம்பருக்குக் கூப்பிடு, வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டில்தான் இருப்பேன். உன்னிடம் கேட்கப்போகிறேன் என்று பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ சரி என்று சொன்ன பிறகுதான் சொல்வேன்.

மஸ்கட்டிலிருந்து அக்கா