உல்சூர் வீடு 🏠 (குடும்பம் மட்டும்)

கார்த்தி: சித்தப்பா இருக்கீங்களா? ரேக் (அலமாரி) டெண்டர்ல டெக்னிக்கல் ரவுண்ட்லயே தூக்கிட்டாங்க 😡

செல்வி அத்தை: ஐயோ யாரைத் தூக்கிட்டாங்க??

பிரியா: அம்மா, டெண்டரை. யாருக்கும் ஒண்ணும் ஆகல.

செல்வி அத்தை: வயித்துல புளியைக் கரைச்சுட்டான். சரி, ஞாயித்துக்கிழமை காதுகுத்துக்கு எத்தனை பேர்னு இன்னும் யாரும் சொல்லல.

பெரியப்பா: பயப்படாதே. 30 நாள் டைம் இருக்கு. கே.டி.பி.பி. சட்டம் 1999, பிரிவு 16. அப்பீல் போடு.

முரளி சித்தப்பா: அண்ணா, அது கர்நாடக அரசு ஆபீஸ் டெண்டருக்கு. இவன் போட்டது சென்ட்ரல் கவர்ன்மென்ட் ஆபீஸுக்கு, ஜெம் போர்ட்டல்ல (அரசு ஆன்லைன் கொள்முதல் தளம்). அங்க 48 மணி நேரம்தான். கார்த்தி, ரிஜெக்ட் எப்ப வந்துச்சு?

கார்த்தி: நேத்து சாயங்காலம் 6:10

முரளி சித்தப்பா: அப்ப நாளைக்கு 6 மணிக்குள்ள ரெப்ரசன்டேஷன் (மறுபரிசீலனை மனு) போயிருக்கணும். விலை கவர் திறந்துட்டா அப்புறம் கத்திப் பிரயோஜனமில்ல. காரணம்னு என்ன போட்டிருக்கான்? அப்படியே டைப் பண்ணு.

கார்த்தி: "பாஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் டாக்குமென்ட் நாட் சப்மிட்டட்". நான் பி.ஓ. (சப்ளை ஆர்டர்) ஏத்தியிருக்கேனே! 50 ரேக்.

பெரியப்பா: எல்லாம் முன்னாடியே ஆள் பார்த்து வெச்சிருப்பான்.

முரளி சித்தப்பா: கார்த்தி, கவனமா படி. டெண்டர் 120 ரேக். பாஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் 30%னு இருக்கு. அதாவது கடைசி 3 நிதியாண்டுல ஏதாவது ஒரு வருஷத்துல 36 ரேக் சப்ளை பண்ணியிருந்தா போதும். உன் கணக்கு 50, அதுல குறை இல்ல. ஆனா பி.ஓ. ஆர்டர் கிடைச்சதுக்குத்தான் ஆதாரம், சரக்கு போய்ச் சேர்ந்ததுக்கு இல்ல. அதுக்கு சி.ஆர்.ஏ.சி. வேணும், அதான் சரக்கு வந்துச்சு, ஏத்துக்கிட்டோம்னு வாங்கினவங்க தர்ற சர்டிஃபிகேட். அதை ஏத்தினியா?

கார்த்தி: 😶

முரளி சித்தப்பா: இதுல ஒரு பிடி இருக்கு. நிதி அமைச்சகத்தோட பொருள் கொள்முதல் கையேட்டுலயே இந்த உதாரணம் வருது. சப்ளை ஆர்டர் கொடுத்துட்டு, முடிச்சதுக்கான சர்டிஃபிகேட் விட்டுப்போயிருந்தா, அதைக் கேட்டு வாங்கிப் பரிசீலிக்கலாம். புது சப்ளை ஆர்டர் மட்டும் வாங்கக் கூடாது. அதனால அந்த 50 ரேக்கோட சி.ஆர்.ஏ.சி. மட்டும் வை. ஆசைப்பட்டு இன்னொரு ஆர்டரை, அந்த தும்கூர் ஆர்டரையும் சேர்த்தே, உள்ளதும் போச்சு. இன்னொண்ணு, "கேட்கலாம்"னுதான் இருக்கு, "கேட்டே ஆகணும்"னு இல்ல. சண்டைக்கார தொனி வேண்டாம்.

பிரியா: அவன்கிட்ட உத்யம் (சின்ன கம்பெனி ரெஜிஸ்ட்ரேஷன்) இருக்கே? சின்ன கம்பெனிக்கு அனுபவமே வேண்டாமே?

முரளி சித்தப்பா: பிட் (டெண்டர்) டாக்குமென்ட்ல எம்.எஸ்.இ., அதான் சின்ன கம்பெனிக்கான தளர்வு "யெஸ்"னு இருந்தாத்தான். பார்த்தேன், "நோ". உத்யமை வெச்சு இ.எம்.டி. (டெண்டர் டெபாசிட்) கட்டாம தப்பிச்சான், அது வேற சலுகை.

செல்வி அத்தை: இவரோட ஃப்ரெண்ட் ஒருத்தருக்கு அந்த ஆபீஸ்ல பெரிய ஆளைத் தெரியும். பேசச் சொல்லவா?

முரளி சித்தப்பா: வேண்டவே வேண்டாம். மதிப்பீடு நடக்கிறப்ப ஆள் வெச்சுப் பேசினா அதுக்கே தூக்குவான்.

பெரியப்பா: ஹைகோர்ட்டுக்குப் போ.

முரளி சித்தப்பா: 120 ரேக்குக்கா? சுப்ரீம் கோர்ட்டோட 2006 ஜகதீஷ் மண்டல் தீர்ப்புல கோர்ட் ரெண்டே கேள்விதான் கேட்டுக்கணும்னு சொல்லியாச்சு. முடிவுல கெட்ட எண்ணமோ அக்கிரமமோ இருக்கா, பொதுநலன் கெடுதா. பேப்பர் விட்டுப்போனதுக்கெல்லாம் ஸ்டே கிடைக்காது. வக்கீல் ஃபீஸ்தான் மிச்சம்.

பெரியப்பா: நான் சொன்னா யார் கேக்கறா. லேத் வாங்கறப்பவும் இப்படித்தான்.

முரளி சித்தப்பா: அண்ணா, லேத் கதை இங்க வேண்டாம்.

பிரியா: 🙈

முரளி சித்தப்பா: கார்த்தி, இதை அப்படியே போடு:
"பக்கம் 14-ல் 50 ரேக்குக்கான சப்ளை ஆர்டர் ஏற்கெனவே தரப்பட்டுள்ளது. தேவை 36. அதே ஆர்டரின் சி.ஆர்.ஏ.சி. இத்துடன் உள்ளது, அது பிட் திறந்த தேதிக்கு முந்தையது. விளக்கம் ஏதும் கேட்கப்படவில்லை. மறுபரிசீலனை கோருகிறோம். ஏற்க முடியாவிட்டால், எந்த விதியின்படி என்று ஜி.எஃப்.ஆர். (பொது நிதி விதிகள்) 173(iv)-இன் கீழ் தெரிவிக்கவும்."
இங்கிலீஷ்ல மாத்திக்கோ. அநியாயம், ஊழல்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. பக்க எண்ணை நீ ஏத்தின பி.டி.எஃப்.ல ஒரு தடவை சரிபார்.

கார்த்தி: பக்கம் 16 சித்தப்பா. 14 ஜி.எஸ்.டி.

முரளி சித்தப்பா: அதுக்குத்தான் சொன்னேன்.

செல்வி அத்தை: சதீஷுக்கு லீவு கிடைக்கலையாம். குழந்தையை யார் மடியில உக்கார வைக்கிறது?

பெரியப்பா: நான் இருக்கேன்ல.

பிரியா: மாமா, நீங்க எனக்குத்தான் தாய்மாமன் 😄

கார்த்தி: சித்தப்பா, சி.ஆர்.ஏ.சி.ல 48 ரேக்னு இருக்கு. 2 டேமேஜ்னு திருப்பி அனுப்பினாங்க. பிரச்சனையா?

முரளி சித்தப்பா: 36-க்கு மேலதானே, கவலையில்ல. ஆனா லெட்டர்லயும் 50 ஆர்டர், 48 ஏற்பு-ன்னு நீயே எழுதிடு. அவனா கண்டுபிடிக்க விடாதே.

செல்வி அத்தை: சோமேஸ்வரர் கோயில்ல காலை 9 மணி. சமையல்காரருக்கு 40 பேர்னு சொல்லவா, 60-ஆ?

பெரியப்பா: லெட்டரை அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கும் ஒரு தடவை காட்டுங்க.