மட்டக்களப்பிலிருந்து லண்டனுக்கு எத்தனை மணித்தியாலம்?

ஆரையம்பதியிலிருந்து ஒருவர் எழுதுகிறார்:

வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். அம்மாவை லண்டனில் இருக்கும் தங்கச்சியிடம் கொண்டுபோய் விட்டேன். கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து லண்டனின் ஹீத்ரோ ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர், நேரடி விமானத்தில் 11 மணித்தியாலமளவு. எல்லாரும் இந்தக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். நமக்கோ பயணம் வீட்டுப்படலையிலேயே தொடங்கிவிடுகிறது. வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று இரவு முழுக்க வான் வண்டியில் ஓட்டம். மறுகா மூன்று மணித்தியாலம் முன்னுக்கே விமான நிலையத்தில் நிற்க வேணும். அம்மாவுக்குக் கால் வீங்கினது பிளேனில் இல்லை, அந்த வான் வண்டியில்தான். வசதி இருந்தால் முதல்நாளே போய் நீர்கொழும்பில் தங்குங்கள். அந்தச் செலவு வீண் இல்லை.

நாங்கள் போனது பகல் விமானம். மேற்கே போகிறதால் வெயிலும் கூடவே வந்தது. "என்ன மனே, இன்னும் பொழுது படல்லையா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தா. இறங்கும்வரை அவவின் மணிக்கூட்டை நான் மாற்றவில்லை. சீனி வருத்தக் குளிசைகளை வழியில் ஊர் நேரப்படியே கொடுக்கச் சொல்லி டொக்டர் சொல்லியிருந்தார். புறப்பட முதல் உங்கள் டொக்டரிடமும் இதைக் கேளுங்கள். லண்டன் நேரம் குளிர்காலத்தில் நம்மைவிட ஐந்தரை மணித்தியாலம் பின்னுக்கு, கோடையில் நாலரை.

திரும்பி வரும்போது பறக்கிற நேரம் குறையும். அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று வீசும். போகும்போது முகத்தில் அடிக்கிற காற்று, வரும்போது பின்னாலிருந்து தள்ளும்.

கல்முனையிலிருந்து இன்னொருவர்:

நாங்கள் ரொறன்ரோ போனோம், வாப்பாவோடு. கொழும்பிலிருந்து நேரடி விமானம் இல்லை, டுபாயில் மாறினோம். நேர்கோட்டில் பார்த்தால் கொழும்பு–ரொறன்ரோ 14,000 கிலோமீற்றரளவு. டுபாய் சுற்றிப் போனாலும் கூடுவது நானூறு கிலோமீற்றர் மட்டில்தான். தூரம் அவ்வளவாகக் கூடவில்லை, நேரத்தைத் தின்றது காத்திருப்புத்தான். டுபாய்க்கு நாலரை மணித்தியாலம், அங்கிருந்து பதினாலு. நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்து டிக்கெட் எடுங்கள். ஒன்றரை மணித்தியாலம் மட்டும் இருக்கிற டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், ஒரு விமானத்திலிருந்து மற்றதுக்கு அவ்வளவு அவசரமாக வயதானவர்களால் நடக்க ஏலாது. டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலிக்குச் சொல்லி வையுங்கள். வாப்பாவுக்குத் தொழுகையைப் பற்றித்தான் பெரிய கவலை. இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் கிப்லா திசை, அதாவது தொழுகைக்குத் திரும்புகிற மக்கா பக்கம், காட்டினதும்தான் அவருடைய முகம் தெளிந்தது.

அக்கரைப்பற்றிலிருந்து மற்றொருவர்:

மெல்பேர்னும் கிட்டத்தட்ட லண்டன் தூரம்தான், 8,350 கிலோமீற்றர் வரும். ஆனால் கிழக்கே போகிறோம், கடிகாரம் முன்னுக்கு ஓடும். இரவு ஏறினால் அந்த இரவு சுருங்கிவிடும். பிள்ளைகள் அங்கே போய்ப் பகலில் தூங்கி இரவில் விளையாடினார்கள். இறங்கின மறுநாளே கலியாண வீடு, வேலை என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.