ஒட்டிய இடத்தில் ஒரு சாண் கல்லைக் காணோம்

பனோரமா, அதாவது பல படங்களை ஒட்டி ஒரே அகலப் படமாக்குவது, எடுக்கப் போன இடங்களில் மறக்க முடியாத சந்திப்பு எது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு இரண்டு பேர். ஒருவர் திருச்சியில் லேத் பட்டறை வைத்திருப்பவர், இன்னொருவர் தஞ்சாவூரில் பார்த்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இருவருமே கேமரா பிடிப்பவர்கள் இல்லை. ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு இன்றைக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இவர்கள் சொல்லித்தான் தெரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கொடைக்கானல் கதை, சுருக்கமாக. மலை விளிம்பை ஒட்டிப் போகும் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் நின்று சின்ன கேமராவில் பதினோரு படம் எடுத்தேன், எல்லாமே ஆட்டோவில். வீட்டுக்கு வந்து படங்களை ஒட்டும் மென்பொருளான ஹூகினில் போட்டேன். இலவசம், நம் கம்ப்யூட்டரிலேயே ஓடும், ஜெர்மனியின் ஹெல்முட் டெர்ஷ் 1998 வாக்கில் எழுதிய பனோரமா டூல்ஸ்தான் அதற்கு அடிப்படை. எதிர் மலை அழகாக ஒட்டிக்கொண்டது. ஆனால் வானம் பட்டை பட்டையாக வந்தது, ஒவ்வொரு படத்துக்கும் கேமரா தன் இஷ்டத்துக்கு வெளிச்சம் வைத்திருந்ததால். அதைக்கூட மேனுவலில் எடுத்தால் சரி செய்துவிடலாம். சரியாகாமல் படுத்தியது முன்னால் இருந்த கம்பித் தடுப்பு. மலை நேராக இருக்கிறது, கம்பி மட்டும் ஒவ்வொரு ஒட்டிலும் படிக்கட்டு மாதிரி உடைந்து நிற்கிறது. மென்பொருளில் எத்தனையோ ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு படத்திலும் ஒரே இடம் இதுதான் என்று மென்பொருள் குறிக்கும் பொருந்தும் புள்ளிகளில், மேகத்தின் மேல் விழுந்தவற்றை எல்லாம் நீக்கினேன் (புதிதாக வருகிறவர்கள் இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள், அடுத்த படம் எடுப்பதற்குள் மேகம் நகர்ந்துவிடுகிறது), கம்பியின் மேல் கையால் புள்ளி வைத்தேன், அப்போது மலை உடைந்தது.

காரணம் இடமாறு தோற்றப் பிழை, அதாவது பேரலாக்ஸ். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலை முகத்துக்கு நேரே பிடித்துத் தலையை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், விரல் பின்னால் இருக்கும் சுவரை விட்டு நகரும். கேமராவைக் கையில் பிடித்து நாம் திரும்பும்போது லென்ஸ் நம் உடம்பைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறது, அதனால் பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் விழுகின்றன. இதைப் பின்னால் எந்த மென்பொருளாலும் முழுசாகச் சரிக்கட்ட முடியாது. லென்ஸுக்குள் ஒளி நுழையும் வாசல் என்று சொல்லத்தக்க ஒரு புள்ளி இருக்கிறது, கேமரா அந்தப் புள்ளியை அச்சாக வைத்துச் சுழல வேண்டும். பலர் இதை நோடல் பாயின்ட் என்கிறார்கள், ஒளியியலில் அது வேறு, ஆனாலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கேமரா அப்படிச் சுழல்வதற்கென்று ட்ரைபாட் (முக்காலி) மேல் மாட்ட விற்கும் தலைப்பகுதி அப்போது என் கைக்கு எட்டாத விலை. அலுமினிய எல் பட்டையில் ஒன்று செய்துகொள்ளலாம் என்று பட்டறைக்குப் போனேன். பனோரமா, பேரலாக்ஸ் என்று நான் பத்து நிமிஷம் விளக்கினேன். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "சார், சென்டர் அவுட்டா இருந்தா ஜாப் ஆடும். நீங்க சொல்றது அதானே? லென்ஸுல சென்டர் எங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். ஜாப் என்று அவர் சொன்னது லேத்தில் கடையும் பொருளை. எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. சரி, வாருங்கள் கண்டுபிடிப்போம் என்று பட்டறை வாசலுக்கே கூட்டிக்கொண்டு வந்தார். ட்ரைபாடுக்கு மூன்றடி முன்னால் ஒரு இரும்புக் கம்பியை நட்டார். அதன் பின்னால் தெருக்கோடி மின்கம்பம் மறையும்படி கேமராவை நிறுத்தச் சொன்னார். அப்புறம் கேமராவை இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். மின்கம்பம் கம்பிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தால் கேமராவை ஒரு நூல் பின்னால் தள்ளுவது, மறுபடி பார்ப்பது. எந்தப் பக்கம் திருப்பினாலும் மின்கம்பம் வெளியே வராத ஓர் இடம் கிடைத்தது. அந்த இடத்தில் பட்டையில் ஒரு கோடு கீறிக் கொடுத்தார். இன்றைக்கும் அந்த லென்ஸுக்கு அந்தக் கோடுதான். அதன் பிறகு எடுத்த படங்களில் பக்கத்துத் தூணும் சரி, தூரத்துக் கோபுரமும் சரி, உடையவே இல்லை.

இப்போது தஞ்சாவூர். லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியைப் பற்றி உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1856இல் சென்னை அரசாங்கம் அவரைப் புகைப்படக்காரராக நியமித்தது. 1858இல் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து 21 அச்சுகளை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். சுமார் 19 அடி நீளம்! கம்ப்யூட்டர் இல்லை, பசைதான். அதைப் பற்றிப் படித்த நாளிலிருந்து அந்தக் கல்வெட்டில் ஒரு பகுதியையாவது நானும் எடுக்க வேண்டும் என்று மனசுக்குள் கிடந்தது.

இங்கே கணக்கு தலைகீழ். மலையையோ கூடத்தையோ எடுக்கும்போது கேமரா நகரக் கூடாது, சுழல வேண்டும். நீளமான சுவருக்கு நின்ற இடத்திலிருந்து சுழன்றால் ஓரத்து எழுத்தெல்லாம் சரிந்து சுருங்கிப் போகும், அதனால் சுவருக்கு இணையாக நாம் நடக்க வேண்டும். சுவர் தட்டையாக இருந்தால் பேரலாக்ஸ் தொந்தரவு பெரிதாக வராது. ஹூகினிலும் கேமரா நகர்ந்ததைக் கணக்கில் எடுக்கச் சொல்லும் வசதி இருக்கிறது. தொல்லியல் துறை இடங்களில் அனுமதி இல்லாமல் ட்ரைபாட் வைக்க முடியாது என்பதால் கையில் பிடித்துத்தான் எடுத்தேன். 50 மி.மீ. லென்ஸ், தரையில் பாவியிருக்கும் கல்லை எண்ணி ஒரே அளவாக அடி வைத்து, ஒவ்வொரு படமும் முந்தின படத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது பிடிக்கும்படி.

முதல் தடவை போனது மார்கழியில். வடக்குச் சுவர் முழுக்க நிழல். எழுத்து இருக்கிறது, ஆனால் படத்தில் வெறும் சொரசொரப்பாகத்தான் தெரிகிறது. பக்கத்தில் ஒரு பெரியவர் கல்லைத் தொடாமல், விரலைக் காற்றில் ஓட்டியபடி வாய்க்குள் படித்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, இப்ப எடுத்தா ஒண்ணும் வராது. வடக்குப் பக்கத்துக்கு ஆனி மாசம் காலையில வாங்க. வெயில் சுவரை ஒட்டிக்கிட்டு வரும், வெட்டின பள்ளமெல்லாம் நிழல் கட்டி எழுத்து எழும்பி நிக்கும். மார்கழிக்குத் தெற்குப் பக்கம்தான்" என்றார். கும்பகோணம் பக்கத்துப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவராம். படிப்பதற்காகவே மாதம் ஒருமுறை வருகிறாராம். சூரியன் வடக்கே சாயும் மாதங்களில்தான் அந்தச் சுவருக்கு நேர் வெயிலே கிடைக்கும் என்பது எனக்கு அதுவரை தோன்றவில்லை. அன்றைக்கு அவர் கூடவே நடந்தேன். ராஜராஜன் தான் கொடுத்ததையும், "நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று அக்கா குந்தவையும் மனைவியரும் கொடுத்ததையும் கல்லிலே வெட்டச் சொன்ன வரியைப் படித்துக் காட்டினார். ஆயிரம் வருஷத்துத் தமிழ், கேட்டால் அப்படியே புரிகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனியில் போனேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. காலை வெயில் சுவரைத் தடவியபடி வர வர ஒவ்வொரு எழுத்தும் கருமை கட்டி எழுந்தது, அரை மணி நேரத்துக்கு மேல் அந்த அழகு நிற்கவில்லை. 34 படம் எடுத்தேன். வீட்டில் ஒட்டும்போது எல்லாம் ஓடியது, 18க்கும் 19க்கும் நடுவில் மட்டும் பொருந்தும் புள்ளி ஒன்றுகூட இல்லை என்று மென்பொருள் நின்றது. நான் கையால் புள்ளி வைத்தேன். இரண்டு படத்திலும் "குடுத்த" என்று ஒரே மாதிரி எழுத்துகள் தெரிந்தன, அவற்றின் மேலேயே ஆறு புள்ளி. அந்தப் புள்ளிகள் பொருந்தாமல் விலகி நிற்கும் பிழை 6 பிக்சலுக்கு மேல் காட்டியது. குமுதம் என்கிற அந்த வரிசைக் கல் உருண்டையாக வெளியே பிதுங்கி இருப்பதால் அப்படி வருகிறது என்று நினைத்துவிட்டேன். ஒட்டு கண்ணுக்கே தெரியவில்லை. பெருமையாக ஆறடிக்கு அச்சுப் போட்டு, குழாயில் சுருட்டிக் கொண்டு போய் அவரிடம் கொடுத்தேன்.

திண்ணையில் விரித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கோயிலில் செய்த மாதிரியே விரலைப் படாமல் ஓட்டிக்கொண்டு வந்தார். நடுவில் விரல் நின்றது. பின்னால் போய் மறுபடி வந்தது, மறுபடி அதே இடத்தில் நின்றது. "இங்க கொஞ்சம் கல் போயிருக்கே தம்பி. பொருள் ஓடலை. மேல் வரியிலயும் பாருங்க, அரை எழுத்துதான் நிக்குது" என்றார். குனிந்து பார்த்தால், ஒரு எழுத்தின் இடது பாதி வேறு எழுத்தின் வலது பாதியோடு சேர்ந்து, எந்த எழுத்தும் இல்லாத ஒன்றாக நின்றது. அன்றைக்கு 18ஆம் படம் எடுத்ததும் ஒரு யாத்திரைக் கூட்டம் குறுக்கே வந்தது, வழிவிட்டு நின்ற நான் திரும்ப வரும்போது ஒரு அடி கூடுதலாகத் தள்ளி நின்றிருக்கிறேன். இரண்டு படங்களுக்கும் பொதுவாக எதுவுமே இல்லை. நடுவில் ஒரு சாண் கல் விழுந்துவிட்டது. புள்ளி இல்லை என்று மென்பொருள் சொன்னதுதான் சரி, நான்தான் கேட்கவில்லை.

படத்தைப் பார்த்த வேறு யாரும் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். எனக்கு அதுதான் இன்னும் உறுத்துகிறது. கொடைக்கானலில் ஒட்டு தப்பினால் கம்பி உடைந்து நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். கல்வெட்டில் தப்பினால் ஒரு சொல் சத்தமில்லாமல் போய்விடும், அடுத்து வருகிறவர் அந்தப் படத்தை நம்பிப் படிப்பார். ஆகவே கல்வெட்டு, சுவரோவியம், ஓலை மாதிரி படிக்க வேண்டியதை ஒட்டுகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: பொருந்தும் புள்ளி இல்லை என்று வந்தால் கையால் வைக்காதீர்கள், திரும்பப் போய் எடுங்கள். மூல படங்களை வரிசை எண்ணோடு வைத்திருங்கள். முடிந்தால் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து ஒட்டின் மேல் விரல் ஓட்டச் சொல்லுங்கள்.

எடுக்கும் விதம் பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: வெளிச்சம், ஃபோகஸ், வைட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் பூட்டிவிடுங்கள். மலை, ஊர் என்றால் கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள், மேலும் கீழும் வெட்ட இடம் கிடைக்கும். போனில் ஒரே இழுப்பாக எடுக்கும் பனோரமா ஞாபகத்துக்கு நல்லது, நானும் எடுக்கிறேன். ஆனால் எழுத்து படிக்கும் வேலைக்கு அது வேண்டாம், ஒட்டுகளை நாம் பார்க்கவே முடியாது.

மறு வாரமே மழைமேகம் இல்லாத ஒரு காலையில் போய் அந்த ஒரு சாணை எடுத்தேன், இந்தத் தடவை நான்கு படம் கூடுதலாக. புது அச்சு இப்போது அவர் வீட்டில் இருக்கிறது. மேற்குச் சுவர் பாக்கி. உச்சி சாய்ந்ததும் ஒரு மணி வாக்கில் எடுக்கலாம் என்றேன். மேலிருந்து விழும் வெயிலில் கிடைக்கோடு மட்டும்தான் தெரியும், நெட்டுக்கோடு மறைந்துபோகும், பக்கத்து வெயில் எப்போது கிடைக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அவர் சொல்லும் மாதத்தில் போவேன். தஞ்சை, திருச்சி பக்கம் யாராவது கூட வருவதாக இருந்தால் சொல்லுங்கள், கூட்டம் குறுக்கே வந்தால் நான் நின்ற கல்லில் காலை வைத்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் வேண்டும்.