'பழங்குடி ஆய்வு': தொகையை எப்படி விரிப்பது?

அன்புள்ள குழுவினருக்கு,

தொல்குடியினர் தம் அறிவுமரபின் வழியே ஆய்வு செய்வதைக் குறிக்கும் 'இண்டிஜினஸ் மெத்தடாலஜி' என்ற கலைச்சொல்லுக்குப் 'பழங்குடி ஆய்வு' போதும் என்ற சென்ற மடலின் கருத்தை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அது வேற்றுமைத்தொகை, பழங்குடியை ஆயும் ஆய்வு என இரண்டாம் வேற்றுமையாகவும், பழங்குடியினரது ஆய்வு என ஆறாம் வேற்றுமையாகவும் விரியும். இத்துறையோ முதல் விரிவை மறுத்து எழுந்தது. 'ஆய்வு' என்பது தொல்குடிகளின் சொற்களுள் மிக அழுக்கேறிய ஒன்று என்னும் பொருள்பட நியூசிலாந்தின் மாவோரி தொல்குடி அறிஞர் லிண்டா துஹிவாய் ஸ்மித் 1999இல் எழுதினார். காரணம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஹவசுபாய் தொல்குடி மக்கள், நீரிழிவு ஆய்வுக்கென 1990 முதல் தாங்கள் அளித்த குருதி தங்கள் ஒப்புதலின்றி மனச்சிதைவு, குடிப்பெயர்வு ஆய்வுகளுக்கும் பயன்பட்டது என வழக்காடினர். 2010இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அவர்களுக்கு 7 லட்சம் டாலர் கிடைத்தது; எஞ்சிய குருதி மாதிரிகளும் அவர்களிடம் திரும்பின.

இதைப் பண்புசார் ஆய்வின் (குவாலிடேட்டிவ் ரிசர்ச்: எண்களைவிட அனுபவங்களையும் பொருளையும் ஆராய்வது) கிளைத்தலைப்பாக வைக்கலாம் என்ற கருத்திலும் பாதியளவே உடன்படுகிறேன். ('குவாலிடேட்டிவ்' என்பதற்குத் 'தரசார்' வேண்டாம்; அது தரத்தை மதிப்பிடுவது என்ற மயக்கம் தரும்.) நேர்காணல், கதை கேட்டல் ஆகியன இரண்டுக்கும் பொது. ஆனால், பண்புசார் நேர்காணலில் பெரும்பாலும் கேள்வி ஆய்வாளருடையது, கிடைத்த தரவும் அவருடையது. கனடாவின் கிரீ தொல்குடி அறிஞர் ஷான் வில்சன் 2008இல் வெளியிட்ட நூலிலோ, ஆய்வாளர் தாம் கலந்துள்ள உறவுகள் அனைத்துக்கும் பொறுப்பாளி; அறிவே உறவுகளில்தான் இருக்கிறது. நேர்காணல் என்ற கருவி ஒன்றாக இருந்தாலும் அது நிற்கும் அறிவுக்கொள்கை வேறாகிவிடுவதால், 'முறை' என்று சுருக்காமல் 'நெறி' என்றே சொல்ல வேண்டும்.

ஆகவே 'தொல்குடிவழி ஆய்வுநெறி' என்பதை முன்வைக்கிறேன். 'தமிழ்வழிக் கல்வி' என்றால் தமிழைப் பற்றிய கல்வி என்று எவரும் கொள்வதில்லை. தமிழால் கற்பது என்றே கொள்கிறோம். அதே தெளிவை இங்கும் 'வழி' தருகிறது. மேலும் 'வழிவழி' என்னும்போது அச்சொல் மரபுத்தொடர்ச்சியையும் குறிப்பதால், மாவோரியர் தம் அறிவுக்கு அடிப்படையாகக் கொள்ளும் 'ஃபகபாபா' என்ற குடிவழிக் கருத்துக்கும் அது பொருந்தி வருவது எதிர்பாராமல் வாய்த்த நன்மை.

'கௌபாபா மாவோரி' (மாவோரியரின் சொந்த ஆய்வுநெறி) போன்ற ஒரு குடிக்கே உரிய பெயர்களை மட்டும் மொழிபெயர்க்காமல் திசைச்சொல்லாக ஏற்கலாம். 'பூர்வகுடி' செய்திகளில் பழகிய சொல்தான் என்றாலும், 'தொல்' அடைமொழி பல கூட்டுச்சொற்களுக்கு எளிதில் இடந்தருகிறது. மறுப்பிருந்தால், தொகையை விரித்துக்காட்டி எழுத வேண்டுகிறேன்.