மறு: ஏசெப்டிக் கருவி – ‘கொதிதாங்கி’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

அரும்பொருளகத்தின் பழைய அறுவைக் கருவிகளுக்கான விளக்க அட்டையில், ‘ஏசெப்டிக்’ (aseptic) கருவி என்பதைக் ‘கிருமியற்ற கருவி’ என்று நம் குழுவின் ஐயா எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை; ‘கொதிதாங்கி’ எனலாம் என்பது என் கருத்து. கிருமியற்றது என்பது கருவியின் அப்போதைய நிலை. உறையைப் பிரித்து மேசையில் வைத்தால் போச்சு. 1890களின் கருவிப் பட்டியல்களிலோ ‘ஏசெப்டிக்’ என்பது ஒரு வடிவமைப்பின் பெயர்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கத்திப்பிடி என்றால் கருங்காலி, தந்தம், ஆமை ஓடு. ரத்தத்தில் வழுக்காதிருக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறியிருப்பார்கள். பெட்டிக்குள் வெல்வெட். பார்க்க அழகுதான், கீறலிலும் வெல்வெட்டிலும் பழைய ரத்தம் அப்படியே தங்கும். 1867இல் அறுவை மருத்துவர் லிஸ்டர், கிருமிகளைக் கொல்லும் கார்பாலிக் அமில முறையை வெளியிட்ட பிறகும் பிடி உடனே மாறவில்லை. தந்தப் பிடியையும் அமிலத்தில் முக்கி எடுக்கலாமே! மாற்றியது வெப்பம். 1879இல் சேம்பர்லாந்தின் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலம்), 1880களில் பெர்லினில் அறுவை மருத்துவர் பெர்க்மானின் நீராவி முறை. நீராவியில் தந்தம் வெடிக்கும், மரம் உப்பும், பிடியை ஒட்டிய பசை இளகும். ஆகவே அலகும் பிடியும் ஒரே உலோகமாயின. நிக்கல் பூச்சு வந்தது. கத்தரியும் இடுக்கியும் கழுவுவதற்காக இரண்டாகப் பிரிக்கும்படி ஆயின.

அதனால்தான் ‘கொதிதாங்கி’ என்கிறேன். இடிதாங்கி, சுமைதாங்கி எல்லாம் நமக்குப் பழக்கம். ‘வெப்பந்தாங்கி’ என்றால் சூளைச் செங்கல் நினைவுக்கு வரும்.

“நீராவி வேறு, கொதிநீர் வேறு இல்லையா?” என்று அக்கா கேட்டிருந்தார்கள். உண்மைதான். ஆனால் உலோகக் கருவிகளைச் சோடா உப்புக் கரைசலில் கொதிக்கவைப்பதும் அன்றைய வழக்கம், சோடா, துருப்பிடிக்காதிருக்க. (நிக்கல் உரிந்த கருவி நம் சிங்கப்பூர் ஈரக்காற்றில் என்ன பாடுபடும் என்று சொல்லவேண்டாம். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அட்டையில் ‘துருவேறா எஃகு’ என்றே போடுவோம். எவர்சில்வர் என்றால் சாம்பார் வாசம் அடிக்கும்.)

அப்புறம், கத்தரியும் இடுக்கியும் இரண்டாகப் பிரியும் அந்த இணைப்புக்கு ‘கழல்மூட்டு’ என்ற பெயர் வேண்டாமே. மருத்துவ அட்டையில் மூட்டு என்றால் முழங்கால்தான். அதோடு, ‘கழல்’ என்பது தானாகக் கழன்றுவிடுவது. இடுக்கி கையிலேயே கழன்றால் நோயாளி கதி? ‘பிரிகீல்’ எனக்குப் பிடிக்கிறது. உடைந்த கீல் என்று யாரும் படித்துவிடுவார்களோ என்பதுதான் யோசனை.

ஊட்ரம் பக்கம் மருத்துவமனை அரும்பொருளகத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் கையில் இந்த அட்டை போகும். குழுவில் தாதியர் இருந்தால், உங்கள் வேலையிடத்தில் அந்தக் கீலைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.