தொம்பை காலியாக நிற்கிறது. கொல்லிமலையில் மறுபடி சாமை விதைக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் இருக்கும் மலைக்காரன்

வணக்கம். எங்கள் ஊர் கொல்லிமலையில் அரியூர் நாட்டுப் பக்கம் (மலையில் பல ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம்). பதினோரு வருடமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. போன மாசியில் அப்பாயி தவறிவிட்டார். காரியம் முடிந்து வீட்டைச் சுத்தம் செய்தபோது மூலையில் நின்ற தொம்பைக்குள், அதாவது தானியம் கொட்டி வைக்கும் மூங்கில் குதிருக்குள், எட்டிப் பார்த்தேன். சின்ன வயதில் என்னைத்தான் அதற்குள் இறக்கிவிடுவார்கள், அடியில் கிடக்கும் சாமையை வாரிக் கொடுக்க. இப்போது ஒட்டடையும் பழைய துணி மூட்டையும்தான் இருக்கின்றன.

சரிவில் அரை ஏக்கர் நிலம் இருக்கிறது. பதினைந்து வருடமாக அதில் மரவள்ளிதான். சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். அதில் சாமை போட நினைக்கிறேன். விற்க இல்லை, வீட்டுக்குத்தான். எந்த விதை, எப்போது விதைப்பது, இத்தனை வருடம் மரவள்ளி இருந்த மண்ணில் வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ராசிபுரம் விவசாயி

தம்பி, வருத்தத்தில் அவசரப்பட்டு முடிவு எடுக்காதீர்கள். மரவள்ளி மலைக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. கீழே சேலம், நாமக்கல் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் இருக்கின்றன. கிழங்கை லாரியில் ஏற்றினால் மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்துக் கையில் பணம் கொடுத்துவிடுவார்கள். பிள்ளைகள் படிப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பணம்தான் உதவியது. விலை விழும் வருடம் கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. சித்தப்பாவிடம் கலந்து பேசிவிட்டுச் செய்யுங்கள்.

பதில் 2: மலைமேல் வாழ்பவள்

கண்ணு, நான் உங்கள் பக்கத்து நாட்டுக்காரிதான். வயது அறுபத்தி இரண்டு. பேத்தியின் போனில் எழுதுகிறேன், மெதுவாகத்தான் வரும்.

மேலே ஐயா சொன்னது நிஜம். ஆனால் சாமை போனதற்குப் பணம் மட்டும் காரணம் இல்லை. அதைக் குத்திய பொம்பளைகளைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள்.

நான் கல்யாணமாகி வந்தபோது விடியற்காலை நாலு மணிக்கு எங்கள் தெருவில் உலக்கைச் சத்தம் கேட்கும். வெயிலில் காய வைத்த சாமையை உரலில் போட்டு, நானும் என் மாமியாரும் மாற்றி மாற்றிக் குத்துவோம். ஒரு முறை குத்தி முறத்தில் புடைப்போம். உமி போகாமல் பாதி நிற்கும். மறுபடி குத்து, மறுபடி புடை. மூன்று தடவையாவது ஆகும். உமியின் சுணை வியர்வையோடு கழுத்தில் ஒட்டிக்கொண்டு அன்றைக்கு முழுவதும் அரிக்கும். மாமியாரின் உள்ளங்கையில் விரல் அடியில் நாலு காய்ப்பு வரிசையாக இருக்கும், புளியங்கொட்டை மாதிரி. அவர் அடுப்புத் தணலை வெறும் கையால் தள்ளுவார், சுடாது. அப்புறம் அதே கையோடு காட்டுக்குக் களை எடுக்கப் போகவேண்டும். ரேஷன் அரிசி வந்ததும் நாங்கள் உலக்கையைச் சாத்தி வைத்தோம். அதில் எனக்கு இன்றைக்கும் குற்ற உணர்ச்சி இல்லை.

அதனால் முதலில் அரைக்கும் வழியைப் பார். இப்போது சாமை உமி நீக்கும் மெஷின் மலையிலேயே சில இடங்களில் இருக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் நம் மலையில் பல வருடம் சிறுதானிய வேலை செய்தார்கள், அந்தக் காலத்தில் மெஷின் வைத்த குழுக்கள் உண்டு. உன் ஊருக்குக் கிட்ட எது ஓடுகிறது என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு விதை. உன் சித்தியின் தோளை நம்பி விதைக்காதே.

விதைக்கு வருகிறேன். கட்டவெட்டிச் சாமை சீக்கிரம் வரும். வெள்ளைப் பெருஞ்சாமைக்கு நாள் கூட, ஆனால் சோறு நன்றாக இருக்கும். முதல் வருடம் கட்டவெட்டியே போடு. ஆனிக் கடைசி, ஆடி மழைக்கு ஈரம் பிடித்ததும் விதைக்கலாம். வீசி விதைத்தால் ஏக்கருக்கு ஐந்து கிலோ. நீ கால் ஏக்கர் மட்டும் எடுத்துக்கொள், மீதியில் மரவள்ளி இருக்கட்டும், சித்தப்பா மனதும் கோணாது. நடுநடுவே கடுகு கொஞ்சம், ஓரத்தில் அவரையும் ஆமணக்கும் ஊன்றிவிடு. நாங்கள் தனிச் சாமை விதைத்ததே இல்லை. மண்ணைப் பற்றிப் பயப்படாதே, மெலிந்த சரிவிலும் சாமை வரும். ஆனால் மரவள்ளி மண்ணின் சத்தை உறிஞ்சியிருக்கும், அதனால் ஆட்டுப் புழுக்கையோ மாட்டுச் சாணமோ நிறையப் போடு. கதிர் முற்றும்போது குருவி வரும், ஆள் காவல் வேண்டும்.

அறுத்ததும் சாணி மெழுகிய களத்தில் மாடு கட்டி மிதிப்போம். களத்துக்குள் செருப்போடு யாரும் போகமாட்டோம். புதுச்சாமையைப் பொங்கி மாரியம்மனுக்கு வைத்த பிறகுதான் வீட்டில் அடுப்பில் ஏற்றுவோம்.

பதில் 3: ஜவ்வாது மலையிலிருந்து

எங்கள் மலையிலும் சாமைதான். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: சாமையை உமியோடு வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். அரிசியாக்கிவிட்டால் கொஞ்ச நாளில் காறல் வாடை வந்துவிடும், தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. மாதா மாதம் தேவைக்கு மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. பெரியம்மா, நீங்கள் எழுதியதைச் சித்தியிடம் போனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "மெஷின் இருந்தா நான் களை எடுக்க வர்றேன்னு சொல்லு" என்றார். சித்தப்பா கால் ஏக்கர் தருவதாகச் சொல்லிவிட்டார். தொம்பையில் இரண்டு இடத்தில் விரிசல் இருக்கிறது. அதைச் சரிசெய்ய முடியுமா? விதை எங்கே கிடைக்கும்?

மலைமேல் வாழ்பவள்

முடியும் கண்ணு. மூங்கில் பின்னல் உளுத்துப்போகாமல் இருந்தால் போதும். பழைய பூச்சைத் தண்ணீர் தெளித்து ஊற வைத்துச் சுரண்டு. புற்றுமண்ணும் சாணியும் குழைத்து உள்ளேயும் வெளியேயும் பூசு. கெட்டியாக ஒரே தடவையில் அப்பினால் வெடிக்கும், மெல்லிசாக மூன்று தடவை பூசி நிழலில் காய விடு. ராத்திரி உள்ளே ஒரு விளக்கை வைத்துவிட்டு வெளியே சுற்றி வந்து பார். எங்காவது வெளிச்சம் கசிந்தால் அங்கே இன்னும் ஒரு பூச்சு. அந்த ஓட்டை வழியாகத்தான் அந்துப்பூச்சி வரும். அடியில் நாலு கல் வைத்து உயர்த்தி நிறுத்து, தரை ஈரம் ஏறக்கூடாது.

விதை என்னிடம் இருக்கிறது. நான் வருடா வருடம் ஒரு பாத்தியாவது போட்டு எடுத்து வைத்துவிடுவேன். அவரை விதையும் செம்மண் கட்டிக் காய வைத்தது இருக்கிறது. ஆனி பிறந்ததும் சோளக்காட்டுச் சந்தைக்கு வா, கொண்டு வருகிறேன். காசு வேண்டாம். அறுப்புக்குப் பிறகு ஒரு படிக்கு ஒன்றரைப் படியாகத் திருப்பிக் கொடு. எங்கள் வீட்டில் விதைக்கு அதுதான் கணக்கு.