வீட்டு போர்ட்டிகோவில் இன்ஜின் ஏற்றினோம்

கொளத்தூரிலிருந்து:

எங்கள் மாருதி 800 பழைய கார்புரேட்டர் வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர். இன்ஜின் லேத்தில் போர் வேலை (சிலிண்டரைக் கடைவது) முடிந்து வந்ததும், ஏற்றும் வேலையை வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். நான், மச்சான், அப்புறம் ஒர்க்‌ஷாப் வைத்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டு அண்ணன்.

மச்சான் வந்ததுமே கூரையில் இருந்த ஊஞ்சல் கொக்கியைத்தான் பார்த்தார். "செயின் பிளாக்கை இதுலயே மாட்டிடலாமே?" அண்ணன் கேட்டார்: "ஊஞ்சலுக்கு அடியில கைய விட்டு யாராவது போல்ட் முடுக்குவாங்களா மாப்ள?" அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இன்ஜின் கிரேனை வாடகைக்கு எடுத்தோம்.

நம்ம ஊர் போர்ட்டிகோவில் மழைத்தண்ணி ஓட தெருப்பக்கம் வாட்டம் வைத்திருப்பார்கள். பார்த்தால் தெரியாது, பாரம் தொங்கும்போது கிரேன் தானாக கேட்டைப் பார்த்து நகரும். டைல்ஸ் மேல் பிளைவுட் விரித்து, கிரேன் சக்கரத்துக்கும் வண்டியின் பின்சக்கரத்துக்கும் கட்டை கொடுத்தோம். வண்டியின் முன்பக்கம் ஸ்டாண்ட் மேல் நின்றது. ஹாலோ பிளாக்கை முட்டு கொடுப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அது சொல்லிவிட்டு உடையாது.

இன்ஜின் அந்தரத்தில் தொங்கும்போது எல்லோரும் பயந்து தள்ளித்தான் நிற்கிறோம். என்னைக் கேட்டால் கடைசி நாலு அங்குலம்தான் ஆபத்து. கியர்பாக்ஸ் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டுக்குள் போக மறுக்கும், கை தன்னால் இடுக்குக்குள் போகும். அதற்கு அண்ணன் ஒரு முறை வைத்திருந்தார். கிரேனை இறக்கும் வால்வு அவர் கையில் மட்டும். "கை" என்பார்; இரண்டு பேரும் நாலு கையையும் தூக்கிக் காட்டினால்தான் நூலளவு திறப்பார். சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தது, சிரித்துக்கொண்டே செய்தோம்.

கடைசியில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி நின்றுவிட்டது. போல்ட் போட்டு இழுத்துவிடலாம் என்றார் மச்சான். இழுத்தால் அலுமினிய கேசிங்கின் காது உடையும், இல்லை கிளட்ச் பிளேட் போகும். வண்டியை கியரில் போட்டு, மச்சானை பிரேக்கில் உட்கார வைத்து, கிராங்க் புல்லியை ஸ்பேனரால் மெல்லத் திருப்பினோம். ஷாஃப்டின் பல் கிளட்ச் பிளேட்டில் பொருந்தியதும் டக்கென்று உள்ளே போய் உட்கார்ந்தது. போல்ட்டெல்லாம் அதுக்கப்புறம்தான்.

பேட்டரி நெகட்டிவை ஆகக் கடைசியில் மாட்டினோம். ஸ்டார்ட் ஆகாமல் முதலில் ஆயில் ஏறட்டும் என்று இக்னிஷன் காயிலைக் கழற்றி வைத்துவிட்டு, ஆயில் லைட் அணையும்வரை விட்டு விட்டு செல்ஃப் அடித்தோம். ஸ்டார்ட் செய்யும்போது தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அம்பத்தூரிலிருந்து:

ஒன்று விட்டுப்போச்சு சார், எர்த் பட்டை. எங்கள் தெருவில் ஒரு தம்பி எல்லாம் சரியாகப் போட்டு, இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் வரும் அந்த ஒயரை மட்டும் மறந்துவிட்டான். செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றவில்லை; ஆக்சிலரேட்டர் கேபிள் புகைந்தது. செல்ஃப் மோட்டார் இழுக்கிற கரண்ட்டுக்குத் திரும்பிப் போக வேறு வழியில்லை, அந்த மெல்லிய கம்பி வழியாகப் போயிருக்கிறது. பக்கத்திலேயே பெட்ரோல் டியூப்.

அப்புறம், புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் வேறு இன்ஜின் வாங்கிப் போடுகிறவர்கள் பில்லை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் நம்பர் மாறினால் ஆர்.சி.யிலும் மாற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.டி.ஓ. அனுமதியை முன்னாடியே வாங்கிவிடுவது நல்லது.

மேடவாக்கத்திலிருந்து:

எனக்கு ஒரு மாருதி ஆம்னி வேன் காத்திருக்கிறது. இதே கிரேனை வைத்து ஏற்றலாமா?

கொளத்தூரிலிருந்து:

ஆம்னிக்கு அது உதவாதுங்க. இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது, கீழேயிருந்துதான் ஏற்றணும். அதாவது வண்டியையே நல்ல உயரத்துக்குத் தூக்கி நிறுத்தணும். அதை வீட்டில் செய்யாதீர்கள், லிஃப்ட் இருக்கிற ஒர்க்‌ஷாப்பாகப் பார்த்து விட்டுவிடுங்கள்.